வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு

அண்ணனின் வலது கை தட்டின் விளிம்பைச் சுற்றி வந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வெள்ளைப் பீங்கான் தட்டு. அதில் மோர் ஊற்றிப் பிசைந்த சோறு, ஓரத்தில் கொஞ்சம் பீட்ரூட் பொரியல். விரல்கள் விளிம்பைத் தொட்டன, மெதுவாக ஒரு சுற்று வந்தன, பீட்ரூட்டை மட்டும் பொறுக்கி வாயில் போட்டன. சோற்றின் பக்கமே போகவில்லை. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா இருந்துச்சு பாப்பா. உப்பு, காரம் எல்லாம் சரியா இருந்துச்சு. வயிறு நெறஞ்சிருச்சுலா" என்றார்.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. என்னைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தோம். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு என்னை வளர்த்தவர் அண்ணன். தோட்டத்து ரப்பர்ப் பால் லாரி ஓட்டினார். தோட்டத்தை விற்று ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு ஈப்போவுக்கு வந்து பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். அண்ணி இறந்ததும் தனியாக இருந்தார். அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிப் பானை கருகும் அளவுக்கு மறதி முற்றியபோது, சிலிபினில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். எனக்கும் கணவர் இல்லை, மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைப்பில் ஒன்றும் குறைவில்லை.

அவர் சாப்பிடாதது எனக்கு முதலில் கோபத்தைத்தான் கிளப்பியது. வாயில் ஒரு பருக்கை போகாமல், உப்பும் காரமும் சரியாக இருந்தது என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? சோறு வடித்தவளைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். பருப்புச் சோறு கொடுத்தாலும் அதே கதை, இட்லி கொடுத்தாலும் அதே கதை. கருவாட்டுத் துண்டையும் மிளகாயையும் பொறுக்கித் தின்றுவிட்டுப் பந்தியில் எழுந்திருப்பவர் மாதிரி மரியாதையாக எழுந்து போய்க் கை கழுவினார். சொந்தக்காரர்கள் தொலைபேசியில் வல்லாரைக் கீரை கொடு, வெண்டைக்காய் கொடு என்று வைத்தியம் சொன்னார்கள். நேரில் வந்து ஒரு வேளை ஊட்டிப் பார்க்க யாருக்கும் பஸ் கிடைக்கவில்லை. இடுப்பில் கைலி நிற்காமல் வழுக்கத் தொடங்கியது. நான் அதை நாடா போட்டுக் கட்டிவிட்டேன்.

வேறு சில கூத்துகளும் நடந்தன. அவற்றை நான் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. குளியலறை வாசலில் ஒரு கருநீல மிதியடி கிடந்தது. அதன் முன்னால் நின்று யோசித்து, சாக்கடையைத் தாண்டுகிறவர் போலக் காலை அகட்டி வைத்து ஒருநாள் விழப் பார்த்தார். கோயிலுக்குப் போக மஞ்சள் வேட்டி எடுத்துக் கொடுத்தபோது, "வெள்ளய ஏன் குடுக்குற, மஞ்சள எடு பாப்பா" என்று திருப்பித் தந்தார். மஞ்சள் வேட்டி அவர் கையில்தான் இருந்தது. குழந்தை மாதிரி அடம்பிடிக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோதுதான் விஷயம் விளங்கியது. அங்கே நர்ஸாக இருந்த மலாய்க்கார மிஸ்ஸி, சின்னப் பெண், வண்ண அட்டைகளை அவர் முன்னால் பரப்பி ஒவ்வொன்றாகக் கேட்டாள். மஞ்சளைக் காட்டினால் வெள்ளை என்றார். நீலத்தைக் காட்டினால் கறுப்பு என்றார். சிவப்பை மட்டும் சட்டென்று சொன்னார். வீட்டில் எந்தத் தட்டில் சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று அவள் என்னைக் கேட்டாள். சொன்னேன். "மக்சிக், நாசி பூத்தே, பிங்கான் பூத்தே. டியா தா நம்பாக்" என்றாள். சோறும் வெள்ளை, தட்டும் வெள்ளை, அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். கண்ணில் கோளாறு இல்லையாம். கண் பார்த்ததைப் படிக்கிற இடம் மூளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டிருக்கிறதாம். இந்த நோய்க்காரர்கள் சிலருக்கு மஞ்சளும் நீலமும் முதலில் மங்கும் என்று டாக்டரும் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பீட்ரூட் ஞாபகம்தான்.

சிவப்புத் தட்டு வாங்குங்கள் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தாள். அன்றைக்கே பசார் கடையில் ஒன்று வாங்கினேன். ரெண்டு நாள் சாப்பிட்டார். மூன்றாம் நாள் மோர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. தட்டில் சோறு மிதக்க, அடியில் சிவப்பாகத் தண்ணீர் ஆட, அவர் தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலுக்குப் போய் எதிரே யாரோ நிற்பது போல மூன்று சுற்றுச் சுற்றினார். கேட்டுக்கு வெளியே ரோட்டில் ஊற்றிவிட்டு வந்தார். ஆலம் சுற்றிக் கொட்டினாராம். "பொண்ணு மாப்பிள்ளைய உள்ள வரச் சொல்லு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தட்டு அவருக்கு ஆலத் தட்டாகவே ஆகிவிட்டது. நீலத் தட்டு வாங்கினேன். அதில் கையை வைக்கவே மாட்டேன் என்றார், பள்ளம் இருக்கிறதாம்.

வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரம் இரண்டு வாழை நிற்கிறது. ஒருநாள் சலிப்பில் ஓர் இலையை அறுத்து மேசைமேல் போட்டு அதில் சோற்றை வைத்தேன். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணீரைத் தெளித்து இலையைத் துடைத்தார். பச்சைமேல் வெள்ளை அவருக்குப் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. "சோறு!" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு பார்த்த ஆளைக் கூப்பிடுவது போல அந்த வார்த்தையைச் சொன்னார். நான் சாமியைக் கும்பிட்டேன். கும்பிட்டு முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தேடினார். "எல்லாரும் உக்காந்தாச்சா பாப்பா? மொதப் பந்தி ஆவட்டும். நான் அப்புறமா வாரேன்" என்றார்.

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் கல்யாணமோ கருமாதியோ, பந்தி பரிமாற முதல் ஆளாக நிற்பவர் அண்ணன்தான். லாரியை நிறுத்திவிட்டு நேரே பந்தலுக்கு வருவார். ஒரு கையில் சோற்று வாளி, தோளில் துண்டு. யார் இலையில் என்ன குறைகிறது என்று அவர் கண் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்டு வாங்கக் கூச்சப்படுகிற கிழவர்களுக்குக் கேட்காமலே வைப்பார். பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் மீறியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

அந்த மத்தியானம் அவர் வாளி தேடி வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு கல்யாணம் எனக்கு முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. பெண்ணின் அப்பா ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டுகிறவர், கையில் ஒன்றும் இல்லாதவர். பக்கத்துத் தோட்டத்திலிருந்து எதிர்பாராமல் ஒரு லாரி நிறைய ஆள் வந்து இறங்கிவிட்டது. கடைசிப் பந்திக்கு இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள், ஆனால் சோற்றுப் பானையில் கரண்டி அடியைச் சுரண்டியது. பெண்ணின் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பந்தல் காலைப் பிடித்தபடி நின்றார். அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாக, "மாமா, பரிமாறும்போதே அங்கங்க சாப்பிட்டு வயிறு நெறஞ்சிருச்சு. உப்பு, காரம் எல்லாம் சரியா இருந்துச்சு" என்றார். வெறும் இலையைச் சாப்பிட்டு முடித்தவர் மாதிரித் தன் பக்கமாக மடித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் மடித்தார்கள். வீட்டுக்கு வந்து அவித்த மரவள்ளிக் கிழங்கை அவசர அவசரமாகத் தின்றதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் வெள்ளைத் தட்டில் அவர் பார்த்தது சோறு தீர்ந்துபோன வீட்டை. தங்கச்சி வீட்டில் அரிசி இல்லை, அவள் வெறும் தட்டை வைத்துவிட்டுச் சங்கடத்தோடு நிற்கிறாள் என்றுதான் நினைத்திருக்கிறார். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். பசியோடு சொல்லியிருக்கிறார். அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் பந்தி. முதல் பந்திக்கு ஆள் வேண்டும் என்பதால் எதிர்வீட்டுப் பாயைக் கூப்பிட்டேன். சாப்பாட்டுக் கடையை மகன்களிடம் விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர், அண்ணனுக்கு நல்ல கூட்டாளி. கதையைக் கேட்டதும், "இதுக்கு எதுக்குத் தங்கச்சி தயங்குற? சோறு திங்கிறது எனக்கு என்ன புது வேலையா?" என்று சொல்லி வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி வேறு. அண்ணன் சின்ன வாளியோடு நின்று எங்கள் இருவருக்கும் பரிமாறுவார். பாய் போதும் போதும் என்று இலைமேல் கையை விரிப்பார், அண்ணன் விரல் சந்துக்குள் ஒரு கரண்டி வைப்பார். நாங்கள் இலையை மடித்ததும், "இதுதான் கடைசிப் பந்தி, நீங்க உக்காருங்கண்ணே" என்று நான் சொல்ல வேண்டும். அப்போது உட்கார்ந்து சாப்பிடுவார். நன்றாகவே சாப்பிடுவார். கன்னத்தில் கொஞ்சம் சதை கூடப் பிடித்தது. அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷம்தான்.

பார்க்க வருகிறவர்கள் உருகிப் போவார்கள். ஆளையே மறந்தாலும் மனுசன் குணம் போகவில்லை பாருங்கள் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெண்டாட்டி பெயர் போய்விட்டது, தோட்டத்துப் பெயர் போய்விட்டது, மஞ்சள் போய்விட்டது, நீலம் போய்விட்டது. இந்த மரியாதை மட்டும் போக மாட்டேன் என்று சட்டமாக உட்கார்ந்திருந்தது. அதுவும் போயிருந்தால், சோறு எங்கே என்று ஒரு நாளாவது என்னைத் திட்டியிருப்பார். திட்டியிருந்தால் எனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

நோன்பு மாதம் வந்தது. பாய் வந்தார், ஆனால் இலையில் கை வைக்க முடியாது. சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அண்ணன் வாளியோடு வந்தபோது, "நான் நோன்புண்ணே" என்று நெஞ்சில் கை வைத்தார். அண்ணன் வாளிக்குள் பார்த்தார், இலையைப் பார்த்தார், பாயின் முகத்தைப் பார்த்தார். அதற்குள் பச்சையும் அவருக்கு மங்கத் தொடங்கியிருந்தது என்று இப்போது தெரிகிறது. இலையும் மேசையும் சோறும் ஒரே சாம்பலாகத் தெரிந்திருக்க வேண்டும். அவர் வாளியைக் கீழே வைத்தார். பாய் புறப்பட்டபோது கேட் வரைக்கும் கூடப் போனார். பாய் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்.

"தங்கச்சி, அண்ணே என் கையப் புடிச்சிக்கிட்டு என்னா சொன்னாரு தெரியுமா? 'வீட்டுல சோறு இல்லன்னு தெரிஞ்சு நோன்புன்னு சொன்னீங்கல்ல, நீங்க பெரிய மனுசன் பாய். பாப்பாகிட்ட ஒண்ணும் கேட்டுறாதீங்க, கூச்சப்படும்'ங்கிறாரு."

மறுநாள் பாய் கடையிலிருந்து ஒரு அரிசி மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். நோன்போடு, அந்த வயதில். மூட்டையை அண்ணன் முன்னால் பிரித்து அவர் கையைப் பிடித்து உள்ளே விட்டார். கைக்கு மறதி இல்லை. முழங்கை வரைக்கும் விட்டு அள்ளினார், விரலால் தேய்த்தார், மூக்கில் வைத்துப் பார்த்தார். "பழசு. நல்லா வடியும். ரெண்டு பந்திக்கு வரும் பாய்" என்றார். அன்றைக்குப் பயமில்லாமல் சாப்பிட்டார். நானும் பாயும் இனிமேல் தினமும் இப்படிச் செய்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். அடுத்த நாள் கையை உள்ளே விட்டபோது அது மணலா என்று கேட்டார்.

இப்போது படுக்கைதான். வாளி தூக்க முடியாது, நடக்கவும் முடியாது. கஞ்சியாகக் காய்ச்சிக் கரண்டியில் கொடுக்கிறேன், அதிலும் பாதி நாள் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்றார். போட்டாலும் பெரிதாக ஒன்றும் மாறாது, இந்த நோய் போகிற வழியில்தான் போகும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். குழாயில் ஊற்றினால் யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாதே என்று ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு அவரைக் கட்டிலோடு கட்டிவைத்து ஊற்றுவதை நினைத்துப் பார்த்தேன். இன்னும் பதில் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் கரண்டியோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை. "நீ சாப்பிட்டியா பாப்பா?" என்றார். இரண்டு நாளாகப் பேசாதவர்.

"சாப்பிட்டேண்ணே. வயிறு நெறஞ்சிருச்சு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பேச்சு அவருடைய பேச்சு. யார் அதை எப்போது சொல்வார்கள் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய்த் தட்டில் சோறு போட்டு வந்து அவர் கண் முன்னாலேயே பிசைந்து சாப்பிட்டேன். அவர் பார்வை என் கையோடு தட்டுக்குப் போய், கையோடு வாய்க்கு வந்தது. அவருக்குக் கை மட்டும்தான் தெரிந்தது. "வெறுங்கைய வாயில வச்சிக்கிட்டு நடிக்காதம்மா" என்றார். "பார்க்கக் கஷ்டமா இருக்கு." கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. நான் துடைத்தேன்.

வேறு வழி தெரியாமல் கஞ்சிக் கரண்டியை அவர் உதட்டில் வைத்துத் தேய்த்தேன். நாக்கு வெளியே வந்து அதைத் தொட்டது. முகம் மாறியது. "கஞ்சி" என்றார். "ஆமாண்ணே, கஞ்சிதான், நெறைய இருக்கு" என்றேன். திறந்துவிடுவார் என்று நம்பினேன். அவர் கையைத் தூக்கி என் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, கரண்டியை என் பக்கமாகத் திருப்பி என் வாய்க்குக் கொண்டுவந்தார்.

"கொஞ்சந்தான் இருக்கும். நீ குடி."

மறுத்தால் அழுதார். குடித்தால் அழுகை நின்றது. அவர் என் மணிக்கட்டை விடாமல் பிடித்திருக்க, நான் ஒவ்வொரு கரண்டியாக அள்ளி எனக்கே ஊட்டிக்கொண்டேன். நான் விழுங்குவதை மறு கையால் என் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கிண்ணம் காலியாகிக் கரண்டி அடியில் தட்டிய சத்தம் கேட்டதும் கையை விட்டார்.

"நெறஞ்சுச்சா பாப்பா?"

"நெறஞ்சிருச்சுண்ணே."

இந்த முறை நம்பினார். திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். அவருக்காகக் காய்ச்சிய கஞ்சி முழுவதும் என் வயிற்றில் இருந்தது.